பிழைத்தவரின் முதல் ஆண்டு

மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர் வீடு திரும்பிவிட்டால் கண்டம் தப்பியது என்று நிம்மதி அடைகிறோம். மருத்துவ ஆய்வுகளும் பெரும்பாலும் அந்த நிம்மதிக்கே இடம் தருகின்றன. தேறிய அளவைச் சொல்ல அவை பயன்படுத்தும் ராங்கின் அளவுகோலில் 0 என்றால் எந்தக் குறையும் இல்லை, 6 என்றால் மரணம். பழைய தொழிலுக்குப் போக முடியாவிட்டாலும் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்பவருக்கு 2. அது ‘நல்ல முடிவு’ என்றே கணக்கில் ஏறும். சில்லறை எண்ணித் தர முடியாமல் கடையை மூடிய வியாபாரியும், அரை மணி நேரப் பேச்சுக்கே துவண்டு படுத்துவிடுபவரும் அந்த 2-க்குள் அடக்கம். வலப்பக்க மூளையில் கசிவு நேர்ந்த சிலருக்கு, கண் நன்றாகத் தெரிந்தும் இடப்பக்கம் கவனத்திலேயே படாது. இலையின் இடது பாதியில் வைத்த பொரியல் அப்படியே கிடக்க, இன்னும் பொரியல் கேட்பார்கள். காரணம் தெரியாத வீட்டார் அதை வீம்பு என்று கடிந்துகொள்வார்கள். மூளை ரத்தக்கசிவும் ஒரு வகைப் பக்கவாதமே; பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரைப் பீடிக்கும் மனச்சோர்வுக்கு வீட்டில் கிடைக்கும் பெயர் சோம்பல்.

மூளை ரத்தக்கசிவுச் சிகிச்சையின் வெற்றியை டிஸ்சார்ஜ் நாளில் அளக்கக் கூடாது, ஓராண்டு கழித்து அளக்க வேண்டும் என்பதே என் வாதம். ரத்தக்கசிவில் மீட்சி மெதுவாகவே தொடங்குகிறது. உறைந்த ரத்தம் கரைந்து, வீக்கம் வடிந்த பிறகுதான் அழுத்தத்தில் இருந்த நரம்புகள் தலைதூக்குகின்றன. இரண்டு பன்னாட்டுச் சிகிச்சை ஆய்வுகளின் தரவுகளை மீண்டும் அலசி 2022-ல் வெளியான கட்டுரை இதை உறுதிசெய்தது. 30-ஆம் நாளில் பிறர் துணையின்றி நடக்க முடியாதிருந்தவர்களில் நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டோர், ஓராண்டில் தாமாக நடக்கும் நிலையை எட்டியிருந்தார்கள். முதல் மாதத்திலேயே ‘இனி இவ்வளவுதான்’ என்று கைவிடுவது எத்தனை பேரைப் படுக்கையிலேயே முடக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உயிர் காக்கவே படுக்கை போதாத நாட்டில் ஓராண்டு நீளும் மறுவாழ்வுச் சிகிச்சை ஆடம்பரம் என்பார்கள். லட்சக்கணக்கில் செலவிட்டு உயிரைக் காத்துவிட்டு, அவர் எழுந்து நடக்க ஆகும் சில ஆயிரங்களில் கையை இறுக்குவதுதான் உண்மையான விரயம். குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்ற பதிலும் உண்டு. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் அதையே சோதித்துப் பார்த்தார்கள். வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து மறுவாழ்வுச் சிகிச்சையை அவர்களிடமே ஒப்படைத்ததால் மரணமோ, பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ ஆறு மாதத்தில் குறையவில்லை என்று 2017-ல் முடிவு வெளியானது. சிகிச்சையே வீண் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. தேர்ந்த சிகிச்சையாளரின் இடத்தை அன்பால் மட்டும் நிரப்ப முடியாது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். வீட்டில் பார்த்துக்கொள்ளும் சுமை பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் தலையில் விழுகிறது என்பதையும் மறக்கலாகாது.

தமிழ்நாட்டில் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்த மாத்திரையையும் பிசியோதெரபியையும் வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது. மீண்டும் கசிவு வராமல் தடுக்க அந்த மாத்திரை இன்றியமையாதது. கை கால் அசைவோடு ஞாபகம், பேச்சு, தூக்கம், மனநிலை ஆகியவற்றையும் வீடு தேடி வரும் திட்ட ஊழியர் விசாரித்துக் குறித்துக்கொள்ளட்டும். குறை தெரிந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பட்டும். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே 3, 6, 12-ஆம் மாதப் பரிசோதனைத் தேதிகளை எழுதிக் கொடுக்க அரசு ஓர் ஆணை பிறப்பித்தால் போதும்.