டீக்கடை பெஞ்சில் ஒரு கட்டுமரம்

முந்திரி சீசன் முடிந்துவிட்டது. கொட்டையைக் காயவைத்து, மூட்டை கட்டி, வியாபாரிக்குப் போட்டாச்சு. மே மாத வெயிலில் தோப்புக்குள் போய் ஆகவேண்டிய வேலை ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மகளும் பேரனும் சென்னையிலிருந்து லீவுக்கு வந்தார்கள். பேரன் எட்டாவது முடித்திருக்கிறான். வரும்போது கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி.

"என்னாடா இது?"

"கப்பல் தாத்தா. மரத்துல நாமளே செய்யறது."

திறந்து காட்டினான். இங்கிலாந்துக்காரர்களின் 'விக்டரி' கப்பல். 1765-ல் தண்ணீரில் இறக்கியது, 1805-ல் டிரஃபால்கர் சண்டையில் நெல்சன் நின்ற கப்பல். பெட்டிக்குள் மெஷினில் வெட்டிய மெல்லிசுப் பலகைகள், பொடிப்பொடியாகப் பித்தளை பீரங்கிகள், நூல்கண்டு, தலையணை கனத்துக்கு ஒரு வரைபடப் புத்தகம். கூடவே தனியாக ஒரு டூல்ஸ் பெட்டி. எண்ணிப் பார்த்தேன், நாற்பது சாமான். மாப்பிள்ளை பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கியிருக்கிறார்.

பொங்கலுக்கு ஆரம்பித்தானாம். கப்பலின் வயிற்றுப்பகுதிக்குப் பலகை வளைத்து ஒட்டும் இடத்தில் நின்றுபோச்சு. வளைத்தால் பலகை உடையுதாம். கத்தி வழுக்கி இடது கட்டைவிரலில் ஒரு வெட்டு, அந்தத் தழும்பையும் காட்டினான். "எனக்குக் கைவேலை வராது தாத்தா, நான் வேஸ்ட்டு" என்றான். பதின்மூன்று வயசுப் பிள்ளை இப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நாற்பது சாமானையும் பாயில் பரப்பி ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் தடவிப் பார்த்தேன். ஒன்றுக்குக்கூடக் கூர் இல்லை. உளி மாதிரி இருந்தது, உளி இல்லை. கத்தி மாதிரி இருந்தது, வெண்டைக்காய் நறுக்கக்கூட ஆகாது. தீட்டுவதற்கு ஒரு கல் மட்டும் அந்தப் பெட்டியில் இல்லை. மழுங்கின கத்திதான் கையை வெட்டும். கூர் இல்லாததால் அழுத்துகிறோம், அழுத்துவதால் வழுக்குகிறது. பையன் கையில் ஒரு குறையும் இல்லை.

பட்டணத்தில் இருக்கிற நீங்கள் பிள்ளைகளுக்கு ஆசையாக இப்படிப் பெட்டி வாங்கித் தருகிறீர்கள், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். செல்போனைக் கீழே வைத்துவிட்டு மரத்தைத் தொடட்டும் என்று நினைப்பது நல்ல நினைப்புதான். ஆனால் நாற்பது ஆயுதம் வாங்குவதைவிட ஒரு ஆயுதத்தைத் தீட்டக் கற்றுக்கொடுப்பது மேல். எங்கள் ஊரில் களைக்கொட்டு, அரிவாள் எதுவானாலும் வாங்கும்போது பாதி விலைதான் கடையில், மீதி விலை சாணைக்கல்லில் நாம் கொடுக்கவேண்டியது.

நுணுக்கமான மரவேலைக்கு என்னென்ன வேணும் என்று கேட்டால், என் கணக்கு இதுதான். கால் அங்குல உளி ஒன்று. லாரியின் பழைய வில்லுப் பட்டையில் கொல்லர் அடித்துத் தருவது போதும், அந்த இரும்பு கூர் நிற்கும். ஒரு சின்னக் கத்தி. ஆக்ஸா பிளேடு உடைந்த துண்டைச் சாணை பிடித்து, துணி சுற்றிக் கைப்பிடி கட்டினால் முடிந்தது. பல் பொடிசாக இருக்கிற மெல்லிய ரம்பம் ஒன்று. முக்கோணம், வட்டம், தட்டை என்று ஊசி அரம் மூன்று. ஓட்டை போட சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் முனையைத் தட்டித் தட்டையாக்கி, இரண்டு பக்கமும் அரத்தால் ராவி, விரலால் உருட்டித் துளைக்கலாம். பிடித்துக்கொள்ள, துணி காயப்போடுகிற கிளிப்பு. உப்புத்தாளில் முரட்டுத்தாள் ஒன்று, நைசுத்தாள் ஒன்று. இதற்கெல்லாம் மேல் ஒரு நல்ல எண்ணெய்க்கல். காசு போடுவதென்றால் அந்தக் கல்லில் போடுங்கள்.

கல்லில் உளியைச் சாய்த்து, சாய்மானம் மாறாமல் தேய்க்கணும். பின்பக்கம் தட்டையாக, கண்ணாடி மாதிரி வரணும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்வாக்கில் இழுக்கணும். முடிதிருத்துகிறவர் சவரக்கத்தியை வாரில் தீட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே வித்தைதான். மரத்தைக் குறுக்கே வெட்டினால் வெட்டின முகம் பளபளவென்று இருக்கணும். பொடிந்து வந்தால் இன்னும் கூர் பத்தவில்லை. பேரனுக்கு இது மட்டுமே இரண்டு நாள் பாடம். மூன்றாம் நாள் அவனே கூர் பிடித்து, காகிதத்தை நிறுத்திப் பிடித்து நறுக்கிக் காட்டினான். அவன் முகத்தைப் பார்க்கணுமே!

இன்னொரு விஷயம். நம்முடையது உப்புக்காற்று அடிக்கிற பூமி. மரக்காணம் உப்பளத்திலிருந்து வருகிற காத்து ராத்திரியோடு ராத்திரியாக இரும்பைச் செம்மண் நிறத்துக்கு மாற்றிவிடும். வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் உள்ளே வைக்கணும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கூர் வந்தாச்சு. எதைச் செய்வது? விக்டரியை முடிப்போம் என்றான். பலகையை வெந்நீரில் ஊறப்போட்டு வளைத்தால் உடையாது, அது செய்யலாம். ஆனால் நான் கேட்டேன், "ஏண்டா, நெல்சன் கப்பல்ல எத்தனை பீரங்கின்னு சொல்ற, நூத்தி நாலுன்னு. நம்ம கட்டுமரத்துல எத்தனை மரம்னு தெரியுமா?" முழித்தான். அவன் அம்மாவும் முழித்தாள். கடல் எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்.

மறுநாள் காலையில் கிழக்கே ரோட்டைத் தாண்டி சின்னமுதலியார்சாவடிக் குப்பத்துக்குப் போனோம். வரிசையாக ஃபைபர் படகுகள். ஒரு பூவரச மரத்தடியில் கேட்பாரில்லாமல் ஒரு பழைய கட்டுமரம் கிடந்தது. சொந்தக்காரப் பெரியவர் எனக்கு முன்பே பழக்கம்.

"அளவு எடுத்துக்கட்டுமாண்ணே? புள்ள பொம்மை செய்யணும்ங்கறான்."

"எடுத்துக்கப்பா. ஆனா அதுல ஒரு மரம் கொறையுது. ஓரத்து மரத்த டீக்கடைக்காரன் பெஞ்சுக்குக் கேட்டான், குடுத்துட்டேன்."

"பரவால்ல தாத்தா, அந்தப் பக்கத்து மரத்த அளந்து அதே மாதிரி செஞ்சுக்கறேன்" என்றான் பேரன்.

பெரியவர் சிரித்தார். "ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது கண்ணு. ஒவ்வொரு மரமும் அதனதன் எடத்துலதான் உக்காரும். மாத்திக் கட்டுனா கடல் ஒத்துக்காது."

அப்புறம் டீக்கடைக்குப் போய், உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி, பெஞ்சை அளந்தோம். பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவர் "என்னா சர்வேயா?" என்றார். கடைக்காரர் எங்களுக்கு டீக்குக் காசு வாங்கவில்லை.

கட்டுமரத்தைப் பற்றி அன்றைக்குப் பெரியவர் சொன்னதும் நான் அறிந்ததும் சேர்த்துச் சொல்கிறேன். ஆணி கிடையாது, எல்லாம் கயிற்றுக்கட்டு. நடுமரம் தாழ்வாக, ஓரத்து மரங்கள் உயரமாக, உள்ளங்கையைக் குழித்தது போல இருக்கும். தண்ணீர் மரங்களுக்கு நடுவே ஏறும், இறங்கும். அதனால் இறைக்கிற வேலை இல்லை, மூழ்குகிற பேச்சும் இல்லை. நம்ம கரையில் அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போக அதுதான் தோது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப்போடுவார்கள், இல்லையென்றால் மரம் நீர் குடித்துக் கனத்துவிடும். ஆகவே தினம் கட்டணும், தினம் அவிழ்க்கணும். பெரும் மரம், தணக்கு, மலைவேம்பு மாதிரி லேசான மரங்கள்தான் இதற்கு ஆகும்.

உலகம் முழுக்க 'கேட்டமரான்' என்று இரட்டை ஓடு வைத்த சொகுசுப் படகுகளுக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். பேர் நம்முடையது, பொருள் வேறு. பேர் உலகம் சுற்றிக்கொண்டிருக்கும்போது பொருள் இங்கே டீக்கடைக்குப் பெஞ்சாகிக் கிடக்கிறது.

நான் பழம்பெருமை பாட வரவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரங்கள் மளமளவென்று குறைந்து ஃபைபர் வந்தது. வந்தது நல்லதுக்குத்தான். மோட்டார் வைத்துத் தூரம் போகலாம், இடுப்பளவு தண்ணீரில் நனைந்துகொண்டே துடுப்புப் போடவேண்டியதில்லை. ஏர் போய் டிராக்டர் வந்தபோது நானும்தான் சந்தோஷப்பட்டேன். மீனவர்கள் நம் கண் குளிர்ச்சிக்காகக் கட்டுமரத்தில் போகணும் என்று சொல்ல நமக்கு வாய் கிடையாது. ஆனால் போனதன் அளவும் கட்டும் முறையும்கூட எதற்குப் போகணும்? ஏர் போனாலும் நுகத்தடி நீளம் எனக்குத் தெரியும். என் பிள்ளைகளுக்குத் தெரியாது. அது என் தப்பு.

இதை நமக்கு முன்னால் யோசித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். எட்மோன் பாரி என்ற கடற்படை அதிகாரி. உலகம் சுற்றிய பயணங்களில் போன இடமெல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்தார். நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரமும், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகும் அவர் 1840-களில் வெளியிட்ட பெரிய நூலில் இருக்கின்றன. அப்படி ஒரு பயணத்தில் புதுச்சேரியில் இயந்திரத்தில் சிக்கி இடது கையை இழந்தார். அதற்குப் பிறகும் விடவில்லை. 1871 முதல் 1893-ல் சாகும்வரை பாரிஸில் லூவ்ர் கடற்படை அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டு, தான் வரைந்த அளவுகளை வைத்து மாதிரிப் படகுகள் செய்யவைத்தார். நம் கரைப் படகின் அளவு வேணுமென்றால் இன்றைக்குப் பாரிஸைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. குப்பத்தில் கேட்கலாம், ஆனால் தெரிந்தவர்களுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.

பெரிய கப்பல்தான் வேண்டும் என்கிற பிள்ளைக்கும் நம்மிடம் கதை இருக்கிறது. யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் தமிழர்கள் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. விக்டரிக்குப் பெட்டி விற்கிறார்கள், அன்னபூரணிக்கு யாரும் விற்கவில்லை.

சரி, எங்கள் கட்டுமரத்துக்கு வருவோம். அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்தோம். இருபத்தொரு அடி நடுமரம் பத்தரை அங்குலம் ஆச்சு. மரத்துக்கு வரப்பில் நின்ற வெட்பாலையில் ஒரு கிளை. சொரியாசிஸுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதே மரம்தான். வெள்ளையாக, ரேகை தெரியாமல் நைசாக இருக்கும். சென்னபட்டணா பொம்மைகளும் இந்த மரத்தில்தான் கடைகிறார்கள். சின்ன உருவம் செய்யும்போது ரேகை பெரிதாக இருந்தால் பொய்யாகத் தெரியும், அதனால்தான் இது. முக்கால் அங்குலக் கயிறு இந்தக் கணக்குக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சாக்குத் தைக்கிற நூல் சரியாக இருந்தது.

எட்டு நாளில் ஐந்து மரமும் தயார். இரண்டு மரம் வீணாப்போச்சு, மறுபடி செய்தான். கட்டி முடித்துப் பெருமையாகப் பெரியவரிடம் கொண்டுபோனான். அவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரம் சரி. கட்டு தப்பு" என்றார். அந்த நூலில் அவர் விரல் நுழையவில்லை. வீட்டுக்குள் போய் நிஜக் கயிற்றை எடுத்து வந்து, கிடந்த மரத்தில் கட்டிக் காட்டினார். மூன்று தடவை கட்டினார், மூன்று தடவை அவிழ்த்தார். நாலாவது தடவை பையனைக் கட்டவைத்தார். அவன் இழுக்க, "இன்னும் இழு, காலை ஊணி இழு" என்று அதட்டல் வேறு. பிறகு மணலில் உட்கார்ந்து, பொம்மையின் நூலை அறுத்துவிட்டு அதே முடிச்சை அவன் விரலால் போட்டான். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஆடுகிறதா என்று நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க வீட்டுப் பசங்களுக்குத் தெரியுமாண்ணே இது?" என்று கேட்டேன்.

"கேட்டாத்தான சொல்றதுக்கு."

அதனால் சொல்கிறேன். லீவுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறீர்கள். காபி கடையில் இறங்கிப் போட்டோ எடுக்கிறீர்கள். அடுத்த தடவை ஒரு டேப்பும் நோட்டும் எடுத்து வாருங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு குப்பத்தில் இறங்கி, பெரியவர்களிடம் மரியாதையாகக் கேட்டு ஒரு கட்டுமரத்தை அளந்து போங்கள். கடலோரப் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றிலும் அந்த ஊர்ப் படகை அளந்து, அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து, பிள்ளைகள் ஒரு மாதிரி செய்யட்டும். ஒரு உளி, ஒரு கல், கொஞ்சம் நூல், இதற்கு அரசாங்கத்திடம் நிதி கேட்க வேண்டியதில்லை. பெஞ்சாகவும் விறகாகவும் ஆவதற்குள் செய்யணும், அவ்வளவுதான்.

பேரன் ஊருக்குப் போய்விட்டான். கட்டுமரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். விக்டரிப் பெட்டி இங்கேயே பரணில் இருக்கிறது, அடுத்த லீவுக்கு முடிக்கிறானாம். அந்த நாற்பது சாமானில் இரண்டை மட்டும் தேறும் என்று பிரித்துக் கூர் பிடித்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.