ஜாவாக்கின் மௌனம்

நீண்டகாலப் பராமரிப்புக்குரிய ஒரு பதிப்பிலிருந்து மற்றொரு நீண்டகாலப் பதிப்புக்கே தாவுவதை வழக்கமாகக் கொண்ட நம் அலுவலகங்கள், 2025 செப்டம்பர் 16 அன்று ஜேடிகே 25 வெளிவந்த பிறகு, 17-இலிருந்து, இடையிலுள்ள நீண்டகாலப் பதிப்பான 21-ஐயும் தாண்டி, நேராக அதற்குக் குடிபெயரத் தொடங்கியிருக்கின்றன. அப்படிப் பெயர்ந்த இடங்கள் சிலவற்றில், முதல் நாள் மாலை வரை பழுதின்றி நடந்துவந்த பில்ட், மூலநிரலில் ஒரு வரியும் மாறாத நிலையில், மறுநாள் காலை ‘கேனாட் ஃபைண்ட் சிம்பல்’ என்னும் பிழையை நூறு முறை அச்சிட்டுவிட்டு விழுந்து கிடக்கிறது. இதன் காரணம் 25-இல் பிறந்ததன்று. ஓராண்டு முன்னதாக, 2024 செப்டம்பரில் வெளிவந்த 23-இலேயே, கிளாஸ்பாத்தில் கிடக்கும் அனோட்டேஷன் பிராசசர்களைத் தானே தேடிப் பிடித்து ஓட்டும் பழைய சம்பிரதாயத்தை ஜாவாவின் கம்பைலராகிய ஜாவாக் கைவிட்டுவிட்டது. இடைப்பதிப்புகளைப் பெரும்பாலோர் உற்பத்திச் சூழலில் ஏற்றுவதில்லையாதலால் அப்போது எழாத கூக்குரல் இப்போது எழுகிறது. அம்முடிவு நியாயமானதா, அதற்கு நாம் எவ்விதம் ஈடுகொடுப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இவ்விதழ் தன் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

முடிவு நியாயமானதே. ஜேஎஸ்ஆர் 269 வாயிலாக 2006-இல் ஜாவா 6-உடன் வந்த அந்த ஏற்பாடு, ஒரு ஜாரினுள் ‘மெட்டா-இன்ஃப் சர்வீசஸ்’ கோப்பகத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தால் போதும், அந்தப் பெயருக்குரிய நிரலைக் கம்பைலரின் வயிற்றுக்குள்ளேயே ஓடவிடலாம் என்று அனுமதித்தது. நாம் கேட்டு வாங்கிய ஜார் மட்டுமன்று, அது கேட்டு வாங்கிய ஜாரும், அதற்கும் அடியில் மூன்றாம் நான்காம் தலைமுறையாக வந்து ஒட்டிக்கொண்ட ஜாரும், நம்மிடம் ஒரு வார்த்தை கேளாமல் நம் கம்பைலரின் அதிகாரத்தோடு எதையும் செய்யலாம் என்ற நிலை, அன்னியர் நிரலை நம்பியே தொழில் நடக்கும் இக்காலத்தில் நீடித்திருக்கத் தக்கதன்று. லாக்4ஜே-இன் ‘கோர்’ ஜாரினுள் ஒரு பிராசசர் உறைகிறது என்பதை, அதை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திவந்தவர்களிலேயே பலர் அறிந்திருக்கவில்லை. கிரேடில் இதே காரியத்தை 2018-இல் தன் 5.0 பதிப்பிலேயே செய்துமுடித்து, பிராசசர்களுக்கென்று தனி இடம் வகுத்துவிட்டது; அதனால் கிரேடில்காரர்களுக்கு இப்போது தலைவலி இல்லை. சிரமப்படுவோர் மேவன்காரர்களே.

இனி நிவாரணம். ‘ப்ராக்’ என்னும் ஆப்ஷனுக்கு ‘ஃபுல்’ என்ற மதிப்பைத் தாய் பிஓஎம்-இல் எழுதிவிட்டால் பழைய நடத்தை அப்படியே திரும்பிவிடும் என்பதால், பலரும் அந்த ஒரு வரியோடு கோப்பை மூடிவிட எண்ணுகிறார்கள். ஓர் இரவு பில்டை எழுப்பி நிறுத்த அது போதும். நிரந்தர ஏற்பாடாக அதை நாம் ஏற்கவில்லை. அடைத்த வாசலை உள்ளிருந்தே மறுபடி திறந்துவைப்பதற்கு அது சமானம். அந்த மதிப்பு 21-இல் பிறந்து, பிறகு 17.0.11, 11.0.23 ஆகிய திருத்தங்களுக்குக் கொண்டுபோகப்பட்டதாகையால், அவற்றுக்கு முந்தைய 17-ஐயும் 11-ஐயும் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் அவ்வரியைக் கண்டதுமே பில்டை நிறுத்திவிடும் என்பதையும் மறக்கலாகாது. உரிய வழி, எந்தப் பிராசசர் நமக்குத் தேவையோ அதை மேவன் கம்பைலர் பிளகினின் ‘அனோட்டேஷன் பிராசசர் பாத்ஸ்’ பகுதியில் பெயர் சொல்லி எழுதுவதே. அதிலும் ஒரு கண்ணி உண்டு. அப்பகுதியில், கெட்டர்களை உண்டாக்கித்தரும் லோம்பாக்கை மட்டும் எழுதினால், அதுவரை கிளாஸ்பாத்திலிருந்து தானே ஓடி மேப்பர்களை உண்டாக்கிக்கொண்டிருந்த மேப்ஸ்ட்ரக்ட் அக்கணமே நின்றுவிடும். இரண்டையும் எழுதினாலும், லோம்பாக் 1.18.16 முதல் அவ்விரண்டுக்கும் இடையே ‘பைண்டிங்’ என்னும் மூன்றாவது ஜாரையும் எழுதியாக வேண்டும். இவ்வளவையும் ஒரு முறை எழுதும் சிரமம், நம் கம்பைலருக்குள் யார் யார் நுழைகிறார்கள் என்ற ஜாபிதா நம் கையிலேயே இருப்பதற்குக் கொடுக்கும் விலை, அது அதிகமன்று.

இதுவரை நாம் ஓப்பன்ஜேடிகே-இன் பொறுப்பாளர்களோடு உடன்படுகிறோம். வேறுபடுவது, அம்முடிவை நடைமுறைக்குக் கொண்டுவந்த விதத்தில்.

பிராசசர் எதையும் பெயர் சொல்லிக் கேளாமலே கிளாஸ்பாத்தில் ஒன்று அகப்பட்டால், ‘பிற்காலப் பதிப்பு இதை நிறுத்திவிடக்கூடும்’ என்று முன்னெச்சரிக்கை செய்யும் ஒரு குறிப்பு ஜேடிகே 21-இல் சேர்க்கப்பட்டது. 22-இலும் அது இருந்தது. 23-இல் நடத்தையே மாறியபோது, கிளாஸ்பாத்தில் பிராசசர் இருக்கிறதா என்று ஜாவாக் தேடுவதும் நின்றது. தேடாதபடியால் சொல்லவும் அதற்கு ஒன்றுமில்லாமற்போயிற்று. ஆக, அக்குறிப்பு இரண்டு பதிப்புகளின் ஆயுளே வாழ்ந்தது. 17-இல் வேலை செய்துகொண்டிருந்தவன் அதைக் காணவில்லை, ஏனெனில் அப்போது அது பிறக்கவில்லை. 25-க்கு வந்தவன் அதைக் காணமாட்டான், ஏனெனில் அதற்குள் அது மறைந்துவிட்டது. நீண்டகாலப் பதிப்பிலிருந்து நீண்டகாலப் பதிப்புக்குச் செல்லுங்கள் என்று நிறுவனங்களுக்குப் பல ஆண்டுகளாக உபதேசித்துவந்த இவ்வுலகில், அந்த உபதேசத்தைக் கேட்டு நடந்தவர்களுள் 21-ஐத் தாண்டிச் சென்றவர்களுக்கு எச்சரிக்கை எட்டாத வண்ணம் காரியம் நடந்திருக்கிறது.

விளைவு இருவகை. லோம்பாக்கை நம்பிய புராஜெக்ட் உடனே விழும். விழும்போது, இல்லாத பிராசசரைக் காட்டாமல், இருக்கும் வகுப்புகளின் மீது குற்றம் சாட்டும். மற்ற வகை அதனினும் கொடியது. மேப்ஸ்ட்ரக்டின் இன்டர்ஃபேஸ் பிராசசர் இன்றியே செம்மையாகக் கம்பைல் ஆகும். நாமே எழுதிய லாக்4ஜே பிளகின் வகுப்பும் கம்பைல் ஆகும். மேவன் தன் கடைசி வரியில் ‘பில்ட் சக்சஸ்’ என்று எழுதும். பிறகு, மேப்பரின் செயலாக்கத்தைக் காணவில்லை என்றோ, பிளகினைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றோ ஓடும் நிரல் சொல்லும்போதுதான், உருவாக வேண்டிய கோப்பு உருவாகவேயில்லை என்பது தெரியவரும். அந்நேரம் சோதனைச் சூழலாக இருந்தால் அதிர்ஷ்டம்.

இவ்விடத்தில் இவ்விதழின் ஆசிரியன் என்ற முறையிலும், கம்பைலர்களோடு நெடுங்காலம் போராடியவன் என்ற முறையிலும், என் மனத்தை வருத்தும் ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிழைச் செய்தி என்பது கருவி தன்னைப் பயன்படுத்துவோனுக்குக் கொடுக்கும் வாக்குமூலம். அவ்வாக்குமூலம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. காரணத்தைச் சுட்டுவதாகவும் இருக்க வேண்டும். காய்ச்சல் நூற்றிரண்டு டிகிரி என்று சொல்வது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு எழுந்துபோகும் வைத்தியரை நாம் வைத்தியர் என்று மதிப்பதில்லை. ‘இந்தக் கெட்டர் இல்லை’ என்று ஜாவாக் சொல்வது பொய்யன்று. அந்தக் கெட்டரை உண்டாக்க வேண்டிய பிராசசர் பக்கத்திலேயே ஜாருக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதை எழுப்பாதது தானே என்ற பாதியைத்தான் அது சொல்லாமல் விடுகிறது.

பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் அலுவலகத்தில் நான் கண்ணால் கண்டதைச் சொல்லுகிறேன். பணியில் சேர்ந்து ஓராண்டு நிறையாத ஒரு பெண், முந்தின மாலை ஒரு சிறு மாற்றத்தை அனுப்பிவிட்டுச் சென்றிருந்தாள். காலையில் சிஐ சர்வர் அவள் பெயரைப் போட்டுப் பில்ட் விழுந்ததாக அஞ்சல் அனுப்பியிருந்தது. அவளுடைய எக்லிப்ஸில் ஒரு சிவப்புக் கோடும் இல்லை. எக்லிப்ஸ் தன் சொந்தக் கம்பைலரைக் கொண்டு இயங்குவது, லோம்பாக்கும் அதனுள் தனி ஏஜென்டாக ஏறியிருந்தது, ஆகையால் ஜாவாக்கின் புதிய நியதி அங்கே செல்லாது. “உன் மெஷினில் ஓடினால் போதுமா அம்மா, சர்வரில் ஓட வேண்டாமா?” என்று ஒருவர் கேட்டார். “புராஜெக்டை கிளீன் செய்து பார், மேவன் அப்டேட் கொடு, அதற்கும் சரியாகவில்லையென்றால் எம்2 ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி இறக்கு” என்று இன்னொருவர் சொன்னார். அவள் எல்லாவற்றையும் செய்தாள். எம்2 கோப்பகத்தை மூன்று முறை அழித்து, அந்த மந்தமான இணைப்பில் மூன்று முறை இறக்கினாள். கடைசியில் தன் மாற்றத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டாள். அப்போதும் பில்ட் எழவில்லை. அவ்விரவில் சிஐ-இன் டாக்கர் இமேஜ் 17-இலிருந்து 25-க்கு மாற்றப்பட்டிருந்தது என்பதும், அதை மாற்றியவர்கள் யாருக்கும் தெரிவிக்கவில்லை என்பதும் இரண்டாம் நாள் பிற்பகலில்தான் வெளிப்பட்டன. அந்த இரண்டு நாட்களும் அவள் தன்னைத்தானே சந்தேகித்துக்கொண்டிருந்தாள். “நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சேன் சார்” என்று பிறகு அவள் என்னிடம் சொன்ன வாக்கியத்தை நான் மறக்கவில்லை.

நம் தொழிலில் ‘கிளீன் செய், ரீபில்ட் செய், கேஷை அழி, ரீஸ்டார்ட் செய்’ என்பது ஒரு சடங்காகவே வளர்ந்துவிட்டது. அதை மூடநம்பிக்கை என்று இளைஞர்கள் மீது பழிபோடுவோர், கருவிகள் காரணத்தைச் சொல்லாத இடத்தில்தான் சடங்கு முளைக்கும் என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. வகுப்புக் கோப்பின் பதிப்பு 65, இந்த இயந்திரம் 61 வரைதான் அறியும் என்று ஜேவிஎம் சொல்லும்போது, 65 என்றால் ஜாவா 21, 61 என்றால் ஜாவா 17 என்று மனப்பாடம் செய்துவைத்திருப்பவனுக்கே அச்செய்தி செய்தி. மற்றவனுக்கு அது வெறும் எண். அந்த இரண்டு சொற்களைச் சேர்த்து அச்சிடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்? மாறாக, செய்ய மனம் இருந்தால் செய்ய முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. எந்த மாறி ‘நல்’ ஆக இருந்தது என்று ஒன்றும் சொல்லாமல் கால் நூற்றாண்டுக்கு அருகே நம்மை அலைக்கழித்த நல்பாயின்டர் எக்செப்ஷன், 2020-இல் ஜேடிகே 14-இல் வந்த ஜேஇபி 358-க்குப் பிறகு, எந்த மெத்தடின் பயன் ‘நல்’ ஆக வந்தது என்பதைப் பெயரோடு சொல்லுகிறது. 15 முதல் அது கேளாமலே சொல்லுகிறது. மேவனையும் இங்கே பாராட்ட வேண்டும். ஒரு ஜார் முன்பு கிடைக்காமற்போய், அத்தோல்வி உள்ளூர் ரெபாசிட்டரியில் பதிவாகிவிட்டால், இது பழைய தோல்வியின் நினைவு, குறித்த இடைவெளி கழியும்வரை, கட்டாயப்படுத்தினாலன்றி மறுபடி முயலமாட்டேன் என்று அது நீளமாகவேனும் உள்ளதைச் சொல்லுகிறது. அதை முழுவதும் படிப்பவன் ‘யூ’ ஆப்ஷன் ஒன்றால் ஒரு நிமிஷத்தில் தப்பிவிடுவான். எம்2 கோப்பகத்தை அழிக்கமாட்டான்.

எனவே ஓப்பன்ஜேடிகே-இன் பொறுப்பாளர்களிடம் இதை நேராகவே கேட்கிறோம். முடிவை வெளியீட்டுக் குறிப்புகளில் எழுதினீர்கள், அறிவிப்புகள் வழியே முன்கூட்டியே தெரிவித்தீர்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் வெளியீட்டுக் குறிப்பைப் படிப்பவன் வேறு, காலை ஒன்பது மணிக்கு விழுந்து கிடக்கும் பில்டின் முன் நிற்பவன் வேறு. அந்நேரத்தில் அவன் பார்க்கும் ஒரே ஏடு ஜாவாக் அச்சிடும் ஏடு. அங்கே எழுதாததை வேறெங்கே எழுதினாலும் அவனுக்கு எழுதியதாகாது. பிராசசர் உள்ள ஜார்கள் கிளாஸ்பாத்தில் உள்ளன, அவை ஓட்டப்படவில்லை என்று ஒரு வரி அச்சிடுவதற்குச் சில சர்வீஸ் கோப்புகளைத் திறந்து பார்க்கும் செலவுதான் ஆகும். அந்த வரி, பிராசசர் தேவையில்லாதவர்களுக்கு இரைச்சலாகும் என்ற ஆட்சேபம் வரக்கூடும். அவர்கள் அதை அடக்குவதற்கு ‘ப்ராக்’ ஆப்ஷனுக்கு ‘நன்’ என்ற மதிப்பு முன்பே இருக்கிறது. 21-இல் இரைச்சல் என்று கருதப்படாத ஒன்று, மிகவும் தேவைப்பட்ட 25-இல் இரைச்சலாகிவிட்டது எவ்வாறு? அதிகாரம் கையில் உள்ளோர் பழக்கத்தை மாற்றலாம். மாற்றிய சுமையைக் கீழே நிற்பவன் தோளில், அவனுக்கே தெரியாமல், ஏற்றிவைக்கலாகாது.

நம் அலுவலகங்களின் தலைமைகளுக்கும் இதில் பங்குண்டு. டாக்கர் இமேஜின் எண்ணை மாற்றுவதற்கு ஒரு நிமிஷம் ஒதுக்குபவர்கள், 17-க்குப் பின் வந்த எட்டுப் பதிப்புகளின் குறிப்புகளைப் படிப்பதற்கு ஒரு வாரம் ஒதுக்குவதில்லை. பில்ட் விழுந்தால் மட்டும், கடைசியாக நிரல் அனுப்பியவரின் பெயரைத் தேடுகிறார்கள்.

25-க்குச் செல்லவிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். புறப்படுமுன், உங்கள் புராஜெக்டை ஒரே ஒரு முறை ஜேடிகே 21-ஐக் கொண்டு கம்பைல் செய்யுங்கள். மேவனின் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே, அனோட்டேஷன் பிராசசிங் இயங்குவதாகச் சொல்லும் அந்தக் குறிப்பைத் தேடுங்கள். அது வந்தால், கேளாமல் ஓடும் பிராசசர் ஒன்றாவது உங்களிடம் இருக்கிறது. எது என்று அக்குறிப்பு சொல்லாது. ஜாவாக்குக்கு ‘எக்ஸ்பிரின்ட் பிராசசர் இன்ஃபோ’ ஆப்ஷனைக் கொடுத்தால், ஓடும் பிராசசர்களின் பெயர்கள் வரும். அப்பெயர்களுள் வேண்டியவற்றைப் பிஓஎம்-இல் எழுதுங்கள். பிறகு 25-க்கு மாறுங்கள். மாறும் தேதியை, குழுவில் கடைசியாகச் சேர்ந்தவருக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.