சூரிய அச்சும் சாயச் சோதனையும்

கைத்தறித் துணி வாங்க வருவோர் முதலில் கேட்கும் கேள்வி, "சாயம் போகுமா?" என்பதே. நம் அங்கத்தினர்களில் பலர் சாயப்பட்டறையிலிருந்து வந்த சொல்லை நம்பியே இதற்கு விடை கூறுகின்றனர். சாயமிட்டவர் ஒருவர், நெய்தவர் ஒருவர், விற்றவர் ஒருவர் என்றிருப்பினும், வெளுத்த சேலையோடு திரும்பி வருபவர் குறை கூறுவது தறியைத்தான். ஆகவே, நூல் பாவில் ஏறுமுன் அதன் சாயம் வெயிலைத் தாங்குமா என்பதை நாமே சோதித்து அறிதல் வேண்டும் என்பது நமது கருத்து. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. சூரிய அச்சு என்னும் எளிய கலையை வீட்டில் பழகினால், சோதனையின் தத்துவம் சிறுவர்க்கும் விளங்கிவிடும்.

ஒளியால் நிறம் மாறும் பொருளைத் தாளில் பூசி, அதன்மீது இலை, பூவிதழ், இறகு போன்ற ஒன்றை அழுத்தி வைத்து வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடம் ஒரு நிறமும் நிழல் விழுந்த இடம் வேறு நிறமும் பெறும். இலையை எடுத்த பின்னரும் அதன் உருவம் தாளில் நிற்கும். இதுவே சூரிய அச்சு.

இது புதிய வித்தையன்று. 1802-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் தாமஸ் வெட்ஜ்வுட், ஹம்ப்ரி டேவி என்னும் இருவர் வெள்ளி உப்பின் துணையால் இலை முதலியவற்றின் உருவை ஒளியால் பதித்தமை பற்றி வெளியிட்டனர். அவ்வுருவை நிலைக்கச் செய்யும் வழி மட்டும் அவர்களுக்குப் புலப்படவில்லை. 1842-ல் வானநூல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் இரும்பு உப்பைக் கொண்டு நீல அச்சைக் கண்டுபிடித்தார். பூக்களின் சாற்றைத் தாளில் பூசி, அவை வெயிலில் வெளுக்கும் விதத்தையும் அவர் ஆராய்ந்தார். அடுத்த ஆண்டு அன்னா அட்கின்ஸ் என்னும் அம்மையார், நுண்ணிய கடற்பாசிகளைக் கையால் வரைவது அரிதாயிருந்தமையால், அவற்றை நீல அச்சாகவே பதித்துப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். அப்பணி 1853 வரை நீடித்தது. ஒளியால் பதித்த படங்களோடு வெளிவந்த முதல் நூல் அதுவே என்பர்.

நமக்கோ அடுக்களையில் உள்ள மஞ்சளே போதும். இரண்டு கரண்டி மஞ்சள்தூளைக் கால் டம்ளர் ஸ்பிரிட்டில் கலக்கிச் சிறிது நேரம் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுக. ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். ஆகையால் அடுப்பின் பக்கத்தில் இவ்வேலை கூடாது. வடித்த சாற்றைத் தடித்த வெள்ளைத் தாளில் ஒரே சீராகப் பூசி, இருட்டறையில் உலர்த்துக. முதல் நாளே பழைய கணக்குப் புத்தகத்தினுள் வைத்து ஈரம் போக்கிய முருங்கை இணுக்கையோ வேப்பிலையையோ அத்தாளின்மீது பரப்பி, கண்ணாடித் தகட்டால் அழுத்தி, உச்சி வெயிலில் வைத்திடுக. நம் சித்திரை வெயிலில் சில மணி நேரத்தில் திறந்த இடம் வெளுத்துவிடும். இலையின் அடியிலோ மஞ்சள் மாறாமல் நிற்கும். பின்னர் வெண்காரம் கரைத்த நீரில் தாளை நனைத்தால் மஞ்சள் உருவம் செங்கல் நிறம் கொள்ளும். சுண்ணாம்பு சேர்ந்ததும் ஆரத்தி நீர் சிவப்பது எதனாலோ, அதனால்தான் இதுவும் சிவக்கிறது. காரம் பட்ட மஞ்சளின் இயல்பு அது. அச்சை ஏட்டினுள் மூடியே வைத்தல் வேண்டும். மீண்டும் வெளிச்சம் பட்டால் எஞ்சிய நிறமும் மங்கும்.

பிள்ளைகள் இலையின் உருவைக் கண்டு மகிழ்வர். பெரியவர்கள் வெளுத்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பகற்பொழுதுக்குள் மஞ்சளின் நிறத்தை வெயில் தின்றுவிட்டதல்லவா? மஞ்சள் தோய்த்த துணி கொடியில் கிடந்து வெளுப்பதும் இதனாலேயே. மஞ்சள் பயிரிடும் நம் அங்கத்தினர்க்கும் இதில் பாடம் உண்டு. 2019-ஆம் ஆண்டில் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தகைய மஞ்சளையும் தூளாக்கிக் கண்ணாடிச் சாடியில் வெயில் படும்படி வைத்தால் நிறம் குன்றவே செய்யும். மாறாக, அவுரி நீலத்தையும் சாயவேர்ச் சிவப்பையும் நம் முன்னோர் போற்றியதற்கு அவற்றின் உறுதி ஒரு காரணம். சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகள் கடல் கடந்து பெயர் பெற்றமைக்கும் அவ்வுறுதி துணைநின்றது. எனவே, இயற்கைச் சாயம் என்னும் பெயர் மட்டும் உறுதிக்குச் சான்றாகாது. ரசாயனச் சாயம் என்னும் பெயரும் அவ்வாறே. வெயிலில் காட்டிப் பார்த்த பின்னரே எதையும் நம்பலாம்.

இனி, நூலைச் சோதிக்கும் முறையைக் கூறுவோம். இங்கே இலைக்குப் பதில் ஓர் அட்டை, தாளுக்குப் பதில் நூல், அவ்வளவே வேற்றுமை. சாயமிட்ட ஒவ்வொரு நிற நூலிலும் சிறிது எடுத்து ஓர் அட்டையில் நெருக்கமாகச் சுற்றுக. முன்னர் நெய்து குறையின்றி நிலைத்த நூல் ஒன்றையும் அதன் பக்கத்தில் சுற்றுக. பாதியைக் கறுப்புத் தாளாலும் தடித்த அட்டையாலும் மூடிக் கட்டி, மழை படாத, நாள் முழுதும் வெயில் விழும் இடத்தில் இரண்டு வாரம் வைத்திடுக. பின்னர் மூடியை நீக்கிப் பார்த்தால், மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் இடையே கோடு தெரியாதிருத்தல் நன்று. மங்கலாகத் தெரிந்தால் பழைய நூலோடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம். பளிச்சென்று தெரிந்தால் அந்நூலைத் தறியில் ஏற்றலாகாது. ஆய்வுக்கூடங்களின் ஒளியுறுதிச் சோதனையும் இத்தத்துவத்தில் அமைந்ததே. அங்கே நீலச் சாயமிட்ட எட்டுக் கம்பளித் துண்டுகளைத் துணியோடு சேர்த்து ஒளியில் வைத்து, துணி எத்துண்டை ஒத்து வெளுக்கிறதோ அதன் எண்ணை 1 முதல் 8 வரையில் அளிக்கின்றனர். 8 மிக உறுதியானது.

"கூலிக்கு நெய்பவன் இரண்டு வாரம் தறியை நிறுத்திக் காத்திருக்க இயலுமா?" என்று சிலர் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. அதனாலேயே இப்பொறுப்பைத் தனி நெசவாளியின் தலையில் சுமத்தாமல் சங்கமே ஏற்க வேண்டும் என்கிறோம். மொத்த நூலுக்குச் சாயமிடச் சொல்லுமுன் மாதிரிச் சிட்டம் ஒன்றைப் பெற்றுச் சோதித்தால் எவருக்கும் ஒரு நாள் கூலியும் நஷ்டமாகாது. வெயிலைத் தாங்கும் சாயம் தண்ணீரையும் தாங்கும் என்று எண்ணிவிடலாகாது. வெள்ளைத் துணித் துண்டோடு நூலைத் தைத்துச் சோப்பு நீரில் துவைத்துப் பார்க்கும் சோதனை தனியே வேண்டும்.

நீல அச்சைப் பற்றியும் ஒரு சொல். பெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெரிசயனைடு என்னும் இரண்டையும் தனித்தனியே நீரில் கரைத்து, பின் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் தாளில் பூசி உலர்த்த வேண்டும். வெயில் காட்டிய பின் வெறும் நீரில் அலசினால் நீலப் பரப்பில் இலையின் உரு வெண்மையாய்த் தோன்றும். இம்மருந்துகளைச் சமையற் பாத்திரங்களில் கலப்பதோ அமிலத்தோடு சேர்ப்பதோ கூடாது. பிள்ளைகள் பெரியவர் துணையின்றி இதில் இறங்கலாகாது. சலவைச் சோடா பட்டால் இந்நீலம் அழியும். ஆதலால் இது துணிக்கு ஏற்றதன்று, ஏட்டுக்கே ஏற்றது. அவ்வேட்டின் பயனோ சிறிதன்று. முருங்கை இணுக்கின் அச்சைக் கட்டத்தாளில் பெயர்த்தால் முந்தானைக்குப் புதிய புட்டா கிடைக்கும். வேறு ஊரின் மாதிரியைப் பார்த்து நெய்யும் நிலை மாறி, நம் வேலியோரச் செடியே நம் சங்கத்தின் அடையாளமாகக் கூடும்.

ஆகவே நாம் சங்கங்களுக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம். நூல் கிடங்கில் சாயச் சோதனை அட்டை ஒன்றும், தேதியும் பட்டறையின் பெயரும் முடிவும் குறிக்கும் பதிவேடு ஒன்றும் இருத்தல் வேண்டும். சோதனையில் தேறாத சாயத்தைத் திருப்பி அனுப்பும் உரிமையைச் சாயமிடுவோருடன் செய்யும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கோடை விடுமுறையில் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு சூரிய அச்சு ஏடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். "எங்கள் துணியின் சாயத்தை வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டே நெய்திருக்கிறோம்" என்று வாங்க வருவோரிடம் ஒரு நெசவாளி தயங்காமல் கூறும் நாள் வருமானால், அதனால் சங்கத்திற்குக் கிடைக்கும் நம்பிக்கை எந்த விளம்பரத்தாலும் கிடைப்பதன்று. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை எழுப்பி, தீர்மானமாக நிறைவேற்றுமாறு வேண்டுகிறோம்.