தாயின் எடையையும் பாருங்கள்

மாண்புமிகு மலேசியச் சுகாதார அமைச்சர் டத்தோஸ்ரீ டாக்டர் சுல்கிப்ளி அமாட் அவர்களுக்கு,

பட்டர்வொர்த், மாக் மண்டினிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு பெண் உண்டானால் அரசு கிளினிக்கில் தாயின் உடல்நலத்தைப் பதிய இளஞ்சிவப்புப் புத்தகம் திறந்துவிடுகிறார்கள். போகும்போதெல்லாம் எடை, இரத்த அழுத்தம், சிறுநீர் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து இரத்தமும் எடுக்கிறார்கள். மிஸ்ஸிகளின் (தாதியரின்) கண்டிப்பில் அக்கறை இருக்கிறது.

பிரசவத்துக்குப் பிறகுதான் சிக்கல். 2, 3, 5 மாதங்களில் ஊசிக்குப் போனால் பெரும்பாலும் குழந்தையை மட்டுமே நிறுக்கிறார்கள். கர்ப்பத்தில் இனிப்புநீர் (நீரிழிவு) வந்தவள் பிரசவமாகி ஆறு வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். பச்சை உடம்புக்காரியை வெளியே அனுப்பத் தயங்கும் வீட்டில் அது எளிதில் தள்ளிப்போகும். அடுத்த கர்ப்பத்துக்குள் எடையும் ஏறிவிடுகிறது.

நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை அதிகம் என்பது உங்கள் அமைச்சின் 2023 ஆய்வு. பருமனோடு கருத்தரித்தால் இனிப்புநீர், உயர் இரத்த அழுத்தம், அறுவைப் பிரசவம் எல்லாவற்றுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. தாய்ப்பால் சுரப்பதும் தாமதமாகலாம்; இதை யாரும் பேசுவதில்லை. 'பால் பத்தல' என்று வீட்டில் பால்மாவு டின்னைத் திறக்கும் அந்த முதல் சில நாள்களில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருந்தால் பல தாய்மார் சமாளித்துவிடுவார்கள்.

'ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்' என்று மாமியார் ஊட்டுவது பாசத்தால். (வளைகாப்புத் தட்டில் கைவைக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.) பருமனான பெண்ணுக்குக் கர்ப்பகாலம் முழுவதும் 5 முதல் 9 கிலோ கூடினால் போதும் என்கிறது அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் (IOM) 2009 வழிகாட்டி. இதை மருமகளிடம் மட்டும் சொன்னால் அவள் வீட்டில் வாய் திறக்க முடியாது. மாமியாரையும் கணவனையும் கிளினிக்குக்கு அழைத்துத் தமிழில் பேசுங்கள்.

'நடங்க, உடம்பைக் குறைங்க' என்பதை எங்கள் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வருபவளிடம் சொல்லிப் பாருங்கள்! பால் கொடுத்தாலே நாளுக்குச் சுமார் 500 கலோரி செலவாகும். ஆனால் 98 நாள் விடுப்பு முடிந்து வேலைக்குப் போனதும் பால் கொடுப்பதும் நின்றுபோகக்கூடும்.

ஆகவே குழந்தையின் ஊசி நாளிலேயே தாயின் எடையையும் பார்த்து, இரத்தத்தையும் சோதிக்க உத்தரவிடுங்கள். தொழிற்சாலைகளில் பால் எடுத்துவைக்க ஓர் அறையும் குளிர்பெட்டியும் வேண்டும். அதற்கு மனிதவள அமைச்சரிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.

இப்படிக்கு,
மாக் மண்டின்வாசி ஒருத்தி