காருக்கு வந்த காய்ச்சல்

குழந்தைக்கு உடம்பு சுடுகிறது என்று டாக்டரிடம் போனால் அவர் முதலில் என்ன கேட்கிறார்? "எப்போது வருகிறது? காலையிலா, சாயங்காலத்திலா? விட்டு விட்டு வருகிறதா?" என்றுதானே? காய்ச்சல் வியாதியல்ல, வியாதியின் அறிகுறி. கார் எஞ்சின் சூடாவதும் அப்படித்தான். அது எப்போது சூடாகிறது என்று கவனித்து வைத்துக் கொண்டால் பாதி வைத்தியம் வீட்டு வாசலிலேயே முடிந்து விடும்.

முதலுதவியை முதலில் சொல்லி விடுகிறேன். உஷ்ணம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ உடனே ஏ.ஸி.யை நிறுத்துங்கள். ஜன்னல்களை இறக்கிவிட்டு, ஹீட்டர் இருந்தால் அதை முழுவதும் திருப்பி விடுங்கள். வெயில் காலத்தில் இதென்ன கொடுமை என்று தோன்றும். ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக் கொள்ளும். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். "இன்னும் இரண்டு தெருதானே, ஓட்டி விடலாம்" என்ற சபலம் மட்டும் கூடாது. சில நூறு ரூபாயில் தீர வேண்டிய ரிப்பேர், அந்த இரண்டு தெருவில் பல ஆயிரமாகி விடும்.

அடுத்தது, ரேடியேட்டர் மூடி. பிரஷர் குக்கரில் சமைப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்ஸியஸில் கொதிக்கும். மூடி அழுத்தம் ஏற்றினால் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். ரேடியேட்டரிலும் இதே தத்துவம்தான். சூட்டோடு மூடியைத் திறந்தீர்களானால், உள்ளே அடங்கியிருந்த கொதிநீர் அத்தனையும் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். வெயிட் அடங்காமல் குக்கரைத் திறப்போமா? அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் நன்றாக ஆறட்டும். சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டவும் வேண்டாம். விரிசல் கண்டு விடும்.

மறுநாள் காலை, எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது பரிசோதனையைத் தொடங்கலாம். கூலண்ட் தொட்டியில் மேலும் கீழுமாக இரண்டு கோடுகள் இருக்கும். நீர் அவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டும். அடிக்கடி குறைகிறதா? இரவில் எஞ்சினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஏ.ஸி.யிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறமும் வழவழப்பும் இருந்தால் அது கூலண்ட். கறை எந்த இடத்திற்கு நேர் கீழே விழுந்திருக்கிறதோ அதற்கு மேலேதான் ஒழுகும் ரப்பர் குழாயோ பம்ப்போ இருக்கும். சிந்தியதை உடனே கழுவி விடுங்கள். இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய் பூனைகளும் வாய் வைத்து விடும், அது விஷம்.

இனி, சூடாகும் வேளையைப் பாருங்கள். அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும்போது சூடாகி, ஓடத் தொடங்கியதும் தணிகிறதா? விசிறி மேல் சந்தேகப்படுங்கள். எஞ்சினை ஓட விட்டு ஏ.ஸி.யைப் போட்டால் பெரும்பாலான கார்களில் விசிறி சுழல வேண்டும். சுழலாவிட்டால் பியூஸ் போயிருக்கலாம். அதே ஆம்பியர் பியூஸை நீங்களே மாற்றி விடலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: எஞ்சினை அணைத்த பிறகும் சில கார்களில் விசிறி தானாகவே சுழலும். புடவைத் தலைப்பும் பின்னலும் கிட்டே போகக் கூடாது.

ஊருக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் சூடாகிறதா? காற்றுக்குக் குறைவில்லை, தண்ணீர் சரியாக ஓடவில்லை என்று அர்த்தம். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் உப்புப் படிகிறதல்லவா? ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அப்படியே படியும். ஆபத்துக்கு எந்தத் தண்ணீரும் ஊற்றலாம். பிறகு அதை வடித்துவிட்டு, காரின் கைப்புத்தகம் சொல்லும் கூலண்டையே நிரப்புங்கள்.

புறப்பட்ட சில நிமிஷங்களிலேயே சூடாகி, ரேடியேட்டர் மட்டும் ஜில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். தண்ணீருக்கு வழி விடும் சின்னக் கதவு அது. தனியாகக் கழற்ற முடிந்த கார்களில் இதைச் சமையலறையிலேயே சோதிக்கலாம். சமையலுக்கு உதவாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்க விட்டுச் சூடாக்குங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் வாய் திறக்காவிட்டால், புதிதுதான் வாங்க வேண்டும்.

சூட்டோடு பாட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். எஞ்சின் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தாலோ, எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, உள்ளே காஸ்கெட் போய்விட்டது என்று சந்தேகிக்க வேண்டும். இவை இரண்டிலும் வீட்டு வைத்தியம் பலிக்காது. வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துத்தான் கொண்டு போக வேண்டும்.

மெக்கானிக்கிடம் போகும்போது "கார் சூடாகிறது" என்று மட்டும் சொன்னால், அவர் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பார். பில் ஏறிக்கொண்டே போகும். "நின்றால் சூடாகிறது, ஓடினால் தணிகிறது, பியூஸ் நன்றாக இருக்கிறது, விசிறி சுழலவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். நேரே விசிறியிடம் போவார். கைப்பையில் ஒரு துண்டுக் காகிதத்தில் இவற்றைக் குறித்து வைத்துக் கொண்டால் போதும்.