நுனியில் மட்டும் கூர்மை

சர்க்கஸ் கூடாரத்தில், பலகையோடு ஒட்டி நிற்கும் பெண்ணைச் சுற்றிக் கத்திகள் வந்து குத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு ஒரு தகவல்: எறிவதற்கென்றே செய்த கத்தியால் ஒரு தக்காளியை ஒழுங்காக நறுக்க முடியாது. கூர்மை நுனியில் மட்டும்தான். விளிம்பு மழுங்கலாகவே இருக்க வேண்டும். ஏனென்றால், அது உங்கள் உள்ளங்கையை உரசிக்கொண்டு புறப்படுகிறது. குத்தாமல் போனால் உங்கள் பக்கமே துள்ளித் திரும்புகிறது.

புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுவது 15 செ.மீ. நீளமுள்ள மலிவுக் கத்திகளிடம். எடை போதாது, விரல் லேசாக உதறினாலும் தறிகெட்டுச் சுழலும். சுமார் 30 செ.மீ. நீளம், 200 முதல் 300 கிராம் எடை என்றால் ஆரம்பத்துக்குச் சரி. பிடியும் அலகும் ஒரே எஃகுத் துண்டாக இருக்கட்டும். மரப்பிடி சீக்கிரம் பிளந்துவிடும். மிகக் கடினமான எஃகு உடையும், சற்று வளைந்து கொடுப்பதே நல்லது. ஒரே மாதிரி மூன்று வாங்குங்கள். கத்திக்குக் கத்தி எடை மாறினால் கை எதைப் பழகும்?

இலக்குக்கு, குறுக்கே அறுத்த மென்மரத் துண்டு போதும். நார்களுக்கு இடையே நுனி சுலபமாக இறங்கும். சுத்தியலைப் பிடிப்பதுபோல் பிடியுங்கள், ஆனால் இறுக்கம் வேண்டாம். மணிக்கட்டை உதறாமல், கத்தி தானாக நழுவ விடுங்கள். சுமார் மூன்று மீட்டரில் அது ஒரு முழுச் சுற்று சுற்றும். பிடி மேலே தூக்கியபடி மோதினால் சுழற்சி அதிகம். அரை அடி முன்னே வாருங்கள். பிடி கீழே தொங்கினால் பின்னே போங்கள். திருத்த வேண்டியது காலடியை, கையை அல்ல.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கு அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் பட்டியலில் இருக்கின்றன. அளவு சிறியதென்றாலும் இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள்.

பயிற்சி முடிந்ததும் விளிம்பைத் துணியால் துடையுங்கள். நூல் மாட்டினால் பிசிறு இருக்கிறது, அரத்தால் ராவிவிடுங்கள். காலில் ஷூ அவசியம். வேடிக்கை பார்ப்பவர்கள் எறிபவருக்குப் பின்னால், நன்றாகத் தள்ளி நிற்கட்டும். எல்லாக் கத்தியும் எறிந்து முடியும்வரை எடுக்கப் போகக் கூடாது. பலகைக்கு முன்னால் ஆள் நிற்பது சர்க்கஸோடு போகட்டும்.