தடுமனா, விஷக்காய்ச்சலா?

தசரா முடிந்த மறுவாரம் எங்கள் குலசையில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் இருமல் சத்தம்தான். பத்து நாளில் லட்சக்கணக்கில் ஜனம் வந்து போகிற ஊர். காளி, குறவன், குரங்கு என்று வேஷம் கட்டியவர்கள் ஒரே வேனில் இடித்துப் பிடித்து ஏறி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு முத்தாரம்மன் சந்நிதிக்கு வருகிறார்கள். அதில் ஒருவர் தும்மினால் போதாதா? பின்னாலேயே ஐப்பசி மழையும் வந்துவிடும். நம் பக்கம் ஃப்ளூ தலைதூக்குகிற காலமும் அதுதான்.

இதில் எனக்குள்ள வருத்தம் என்னவென்றால், எது வந்தாலும் "தடுமன்தான் புடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். தடுமன் வேறு, ஃப்ளூ வேறு.

தடுமன் மெதுவாக வரும். முதலில் தொண்டை கரகரக்கும், மறுநாள் மூக்கு ஒழுகும், தும்மல் வரும். பெரியவர்களுக்குக் காய்ச்சல் அநேகமாக இருக்காது. வேலையும் முனகிக்கொண்டே ஓடும். வாரம் பத்து நாளில் தானே போய்விடும். ஃப்ளூ அப்படியில்லை. காலையில் கோலம் போட்டவள் மத்தியானம் சுருண்டு படுத்துவிடுவாள். காய்ச்சல் 101, 102 என்று ஏறும். குளிர் நடுக்கம், மண்டையிடி, மேலெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, வறட்டு இருமல். எழுந்து நிற்கச் சீவன் இருக்காது. காய்ச்சல் விட்ட பிறகும் இருமலும் அசதியும் இரண்டு வாரம் கூட இழுக்கும்.

ஆனால் அறிகுறியை மட்டும் வைத்து நாமே தீர்ப்பு எழுதிவிடவும் முடியாது. கொரோனாவும் இப்படித்தான் ஆரம்பிக்கும். டெங்குவுக்கும் மேல்வலியும் கடுங்காய்ச்சலும் உண்டு. 2012-ல் திருநெல்வேலி மாவட்டம் டெங்குவால் பட்ட பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். அதனால் கடுங்காய்ச்சல் என்றால் டாக்டரிடம் காட்டும்வரை பாரசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஆம்பளைக்குக் காய்ச்சல் என்றால் கட்டில், கஞ்சி, விசிறி. நமக்கு வந்தால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதுதான். எங்கள் தெருவில் ஒரு மைனி, ஏழு மாசம். காய்ச்சலோடு நாலு நாள் இட்லி அவித்துப் போட்டார். மாமியார் பாசமாகத்தான் கஷாயம் வைத்துக் கொடுத்தார். குறை சொல்ல முடியாது. ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. திருச்செந்தூருக்கு ஓடி, அங்கிருந்து தூத்துக்குடிக்கு ஓடி, பதினோரு நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார். தாயும் பிள்ளையும் பிழைத்தது பெரிய காரியம்.

கர்ப்பிணிகளை ஃப்ளூ மிகவும் படுத்தும். இது இன்று நேற்றுத் தெரிந்ததல்ல. 1918-ல் கப்பலில் பம்பாய்க்கு வந்து இறங்கிய விஷக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அதில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் மாண்டார்கள் என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அரைவயிற்றுச் சாப்பாடு, அதோடு நோயாளிக்குப் பணிவிடை. நூறு வருஷம் ஆகியும் அடுப்படியில் பெரிதாக என்ன மாறிவிட்டது, சொல்லுங்கள்?

2009-ல் உலகம் முழுக்கப் பரவிய பன்றிக்காய்ச்சல் கிருமியும் இப்போது வருஷா வருஷம் வருகிற ஃப்ளூவில் ஒன்றாகிவிட்டது. (பன்றிக்கறி தின்றால் வரும் என்பது வெறும் கட்டுக்கதை.) இதற்கு மருந்து இருக்கிறது. முதல் இரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். அந்த இரண்டு நாளைத்தான் நாம் "பார்ப்போம், பார்ப்போம்" என்று கஷாயத்தில் கழிக்கிறோம். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு, உடன்குடிக் கருப்பட்டி சேர்த்துக் குடித்தால் தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கும், நானும் குடிக்கிறேன். அது கிருமியைக் கொல்லாது. மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்குகிற ஆன்டிபயாடிக்கும் கொல்லாது. தடுமனும் சரி, ஃப்ளூவும் சரி, வைரஸால் வருவது. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அதைத் தொடவே கூடாது.

ஃப்ளூவுக்குத் தடுப்பூசியும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் போட வேண்டும். கர்ப்பிணிகள், வயசானவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்கள் தசராவுக்கு ஒரு மாசம் முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. காய்ச்சலோடு இருப்பவர் அந்த வருஷம் வேஷம் கட்டாவிட்டால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். வேஷத்துக்கு முகமூடி போடத் தெரிந்த ஊர், இருமலுக்கு ஒரு துணி முகக்கவசம் போடக் கூச்சப்படுவதுதான் எனக்குப் புரியவில்லை!

திருவிழா நாட்களில் மருத்துவ முகாம் போடுகிறார்கள், நல்ல காரியம். ஆனால் ஒட்டிய காய்ச்சல் வெளியே தெரிய ஒன்று முதல் நாலு நாள் ஆகும். கூட்டம் கலைந்து, முகாமையும் பிரித்த பிறகுதான் ஊர் படுக்கிறது. ஆகவே தசரா முடிந்து ஒரு வாரத்துக்குக் காய்ச்சல் முகாம் தொடர வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவும் சமையல் முடிந்து பெண்கள் வரத் தோதாக மாலை நேரத்தில் இருக்கட்டும்.

அதுவரை, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, விட்ட காய்ச்சல் மறுபடி ஏறினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ ராத்திரி என்று பார்க்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள்.

— ஒரு வாசகி, குலசேகரன்பட்டினம்